ஈ ஓட்டுகிற வேலையா? பழ ஈ ஆய்வகத்தில் உதவியாளராகச் சேரலாமா என்று கேட்டவருக்கு

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: எம்.எஸ்சி. விலங்கியல் முடித்தாயிற்று, பெங்களூரில் பழ ஈயின் மூளையை ஆராயும் ஓர் ஆய்வகத்தில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை வந்திருக்கிறது, "ஈ ஓட்டுறதுக்கா இவ்வளவு படிச்சே?" என்று அப்பா கேட்கிறார், அங்கே தினமும் என்னதான் செய்ய வேண்டியிருக்கும், பிஎச்.டி.க்கு அது உதவுமா? இரண்டு முறை படித்தபோது உள்ளே இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாகப் பட்டது. இது அறிவியல் வேலையா, எடுபிடி வேலையா என்பதுதான் உங்கள் சந்தேகம். அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் இப்படி ஓர் ஆய்வகத்தில் ஆறரை ஆண்டு இருந்தேன். முதல் இரண்டு ஆண்டு உதவியாளர், அப்புறம் ஈக்கள் இருக்கும் அறை முழுவதும் என் பொறுப்பு. இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஆக, நான் சொல்வது ஒரே ஓர் ஆய்வகத்தை உள்ளிருந்தும், நாலைந்தை வாசலில் நின்றும் பார்த்தவரின் பேச்சு. நரம்பு செல்லில் மின்முனை வைத்துப் பதிவு செய்யும் வேலையை நான் கையால் செய்ததில்லை. செய்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன், அவ்வளவுதான். அதனால் அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

அப்பா கிண்டலாகக் கேட்டாலும் பெயரைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். மைக்ரோஸ்கோப்பின் கீழே மயங்கிக் கிடக்கும் ஈக்களைச் சின்னத் தூரிகையால் இந்தப் பக்கம் ஆண், அந்தப் பக்கம் பெண் என்று தள்ளிப் பிரிப்பதற்கு உலகம் முழுக்க ஈ ஆய்வகங்களில் இருக்கும் பெயரே 'ஃப்ளை புஷிங்'தான். நம் ஊரில் வியாபாரம் இல்லாதவன் ஈ ஓட்டுவான். அங்கே மூச்சு விட நேரம் இல்லாதவர்கள் ஈ தள்ளுவார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடலாம். வேளாண்மைக்காரர்கள் பழ ஈ என்றால் மாம்பழத்துக்குள் புழு வைக்கும் பெரிய ஈயைச் சொல்வார்கள். நாம் பேசுவது அதை அல்ல. பலாச்சுளை உரித்த தோலையோ கனிந்து கறுத்த வாழைப்பழத்தையோ சமையலறையில் ஒரு நாள் விட்டால், எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, சிவப்புக் கண்ணோடு எள்ளளவில் ஒரு பூச்சி, அதுதான் ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர். பழத்தைவிடப் பழத்தில் வளரும் ஈஸ்ட்தான் அதற்குப் பிடித்த சாப்பாடு.

இந்த எள்ளளவுப் பூச்சியில் மூளையைப் பற்றி என்ன தெரிந்துவிடும் என்று வீட்டில் கேட்டால், கடிகாரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 1971-இல் அமெரிக்காவின் கால்டெக்கில் ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் மூன்று வகை ஈக்களைப் பிடித்தார்கள். ஒன்றின் 'நாள்' 19 மணி நேரம், ஒன்றுக்கு 28 மணி நேரம், மூன்றாவதற்கு ஒழுங்கே இல்லை. மூன்றிலும் பழுது ஒரே மரபணுவில் இருந்தது. அதற்குப் பீரியட் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காக 2017-இல் ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மாலை ஏழு மணிக்கே கண் சொக்கி விடியற்காலை நாலு மணிக்கு விழித்துக்கொள்ளும் ஒரு மனிதக் குடும்பத்தில், அதே மரபணுவின் மனித வடிவம் ஒன்றில் மாற்றம் இருப்பதை 2001-இல் கண்டார்கள். ஈயில் பார்த்தது மனிதனில் அப்படியே இருக்கும் என்று எல்லாவற்றுக்கும் சொல்லிவிட முடியாது. மனித நோய் மரபணுக்களில் 75 சதவீதம் ஈயிலும் உண்டு என்று அடிக்கடி எழுதுவார்கள். 'உண்டு' என்பதை எப்படி அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் ஏறும், இறங்கும். கடிகாரத்தில் அந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

பெங்களூருக்கு இந்த வேலை வந்த கதையும் தெரிந்திருந்தால் நல்லது. நேர்காணலில் கேட்க மாட்டார்கள், ஆனால் தெரிந்தவரைப் பார்த்தால் முகம் மலரும். பாக்டீரியா மரபியலில் இருந்த ஒபைத் சித்திகி கால்டெக்கில் பென்சரோடு சேர்ந்து, வெப்பம் ஏறினால் மயங்கி விழும் ஈக்களை ஆராய்ந்தார். அவற்றில் ஒன்றுக்குப் பெயரே 'கோமடோஸ்'. மும்பை டாடா ஆய்வு நிறுவனத்துக்குத் திரும்பியதும் ஈ எப்படிச் சுவைக்கிறது, முகர்கிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். அவருடைய மாணவி வெரோனிகா ரோட்ரிக்ஸ் அதை வளர்த்தார். அந்த மரபுதான் பிறகு பெங்களூரில் தேசிய உயிர் அறிவியல் மையமாக வேர்விட்டது. அதிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு மையத்தில் ஈயின் கடிகாரத்தைப் பார்க்கும் பிரிவை உருவாக்கியவர், அதற்கு முன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த எம்.கே. சந்திரசேகரன். மதுரைப் பக்கத்துக் குகை வௌவால்களின் நேர ஒழுங்கை ஆராய்ந்தவர் என்று உங்கள் பேராசிரியர்கள் சொல்லியிருக்கலாம். வௌவாலுக்கு முன்பே ஜெர்மனியில் ஈக்கள் கூட்டிலிருந்து வெளிவரும் நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, வேலைக்கு வருவோம். நிச்சயமாகச் சொல்லக்கூடியது இது: முதல் ஆறு மாதத்தில் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி ஈக்களை உயிரோடு, சுத்தமாக, சரியான பெயரில் வைத்திருப்பதில் போகும். ஓர் ஆய்வகத்தில் சில நூறிலிருந்து சில ஆயிரம் வகை ஈக்கள் இருக்கும். ஈயை விதைபோல உறைபெட்டியில் போட்டு வைத்துவிடும் வழி நடைமுறையில் இல்லை. ஒவ்வொரு வகையும் தலைமுறை தலைமுறையாகக் குப்பியில் வாழ்ந்துகொண்டே இருக்க வேண்டும். 25 டிகிரியில் முட்டையிலிருந்து வளர்ந்த ஈ வர 10 நாள் ஆகும். 18 டிகிரியில் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் கிடங்கை 18-இல் வைப்பார்கள், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை புதுக் குப்பிக்குத் தட்டி மாற்றுவார்கள். ஆய்வகத்தில் அந்தக் குப்பியை யாரும் குப்பி என்று சொல்வதில்லை, 'வயல்' என்பார்கள். ஊருக்குப் போன் செய்யும்போது "இன்னைக்கு நூத்தம்பது வயல் மாத்தணும்" என்று சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

சாப்பாடு தனிக் கதை. மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர் சேர்த்துக் காய்ச்சுவது பரவலான முறை. மைசூர்ப் பக்கம் ரவையும் வெல்லமும் போட்டுக் கிண்டுவார்கள், வாசனை கேசரிக்கும் கள்ளுக்கும் நடுவில் இருக்கும். பெரிய ஆய்வகங்களில் இதற்கென்றே சமையலறையும் ஆட்களும் உண்டு. எங்கள் சமையலறை அண்ணாவுக்கு இருந்த அனுபவம் எங்களில் யாருக்கும் கிடையாது. கரண்டியில் எடுத்து வழிய விட்டே இந்த ஊற்று இறுகுமா, தண்ணீர் விடுமா என்று சொல்லிவிடுவார். பூஞ்சை வராமலிருக்க புரோபியானிக் அமிலம் சேர்க்க வேண்டும். கொதியில் ஊற்றினால் ஆவியாகப் போய்விடும். ரொம்ப ஆறிவிட்டால் அகர் இறுகிக் கலக்காது. ஊற்றிய குப்பிகளை மல் துணி போட்டு மூடி ஓர் இரவு காயவிடாவிட்டால் உள்சுவரில் நீர் கோத்து ஈக்கள் ஒட்டிச் சாகும். மழைக்காலத்தில் இதெல்லாம் சரியாகச் செய்தாலும் நாலு குப்பியாவது பூத்துவிடும். சேர்ந்த முதல் வாரம் அந்தச் சமையலறையில் ஒரு காலையைச் செலவிடுங்கள். பிறகு ஏதாவது ஒரு சோதனை காரணம் தெரியாமல் சொதப்பும்போது, அந்தக் காலை கைகொடுக்கும்.

அடுத்தது கன்னி ஈ பொறுக்குவது. எம்.எஸ்சி. செய்முறையில் ஒருமுறை செய்திருப்பீர்கள், இங்கே தினமும். காரணம் எளிது. பெண் ஈ ஒருமுறை சேர்ந்துவிட்டால் விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் எந்த ஆணோடு விட்டாலும் பிள்ளைகள் யாருடையவை என்று சொல்ல முடியாது. கூட்டை விட்டு வெளியே வந்த பெண், 25 டிகிரியில் ஏறக்குறைய 8 மணி நேரத்துக்குச் சேர்க்கைக்கு இடம் கொடுக்காது. அதற்குள் பிடிக்க வேண்டும். காலை எட்டு மணிக்குப் பாட்டிலில் இருக்கும் அத்தனை ஈயையும் அப்புறப்படுத்துவீர்கள். மதியம் மூன்றரைக்கு ஒரு முறை, இரவு கிளம்பும் முன் ஒரு முறை எடுப்பீர்கள். ராத்திரிக்குப் பாட்டிலை 18 டிகிரிக்கு மாற்றிவிட்டால் மறுநாள் காலைவரை அவகாசம் கிடைக்கும். கார்பன் டை ஆக்ஸைடு வரும் வெள்ளைத் தட்டில் ஈக்கள் சாய்ந்து கிடக்கும். இப்போதுதான் பிறந்தது வெளிறி, வயிற்றின் கீழே கறும்பச்சைப் புள்ளி ஒன்று தெரியும். குழந்தை வயிற்றின் முதல் மலம் போன்றது அது, சில மணி நேரத்தில் போய்விடும். ஆணுக்கு வயிற்று நுனி கறுத்திருக்கும், முன்னங்காலில் சின்னச் சீப்பு ஒன்று இருக்கும். வெளிறிய புது ஈக்களில் நுனிக் கறுப்பை நம்ப முடியாது, சீப்பைத்தான் பார்க்க வேண்டும். முதல் வாரம் ஒரு தட்டைப் பிரிக்க அரைமணி நேரம் ஆகும். மூன்றாவது மாதம் பாட்டுக் கேட்டுக்கொண்டே மூன்று நிமிடத்தில் முடிப்பீர்கள். ஞாயிறும் தீபாவளியும் ஈக்குத் தெரியாது. முறை போட்டுக்கொள்வீர்கள், ஆனால் முழுசாக விடுமுறை என்று ஒன்று இருக்காது.

இவ்வளவு கலப்பு எதற்கு? இந்தத் துறையின் அச்சாணி ஒரு தந்திரம். 1993-இல் ஆண்ட்ரியா பிராண்டும் நார்பர்ட் பெரிமனும் வெளியிட்டது. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த கேல்-4 என்ற புரதத்தை ஈயில் வைப்பார்கள். ஒரு பெற்றோர் 'எங்கே' என்பதை வைத்திருக்கும்: மூளையின் இந்தக் குறிப்பிட்ட நரம்பு செல்களில் மட்டும் கேல்-4 உண்டாகும். இன்னொரு பெற்றோர் 'என்ன' என்பதை வைத்திருக்கும்: கேல்-4 இருக்கும் இடத்தில் பச்சையாக ஒளிர், அல்லது செயலிழ, அல்லது இந்த மரபணுவை அடக்கு. தனித்தனியாக இரண்டும் சும்மா இருக்கும். பிள்ளையில் இரண்டும் சந்திக்கும்போதுதான் வேலை நடக்கும். உலகத்தின் பல பத்தாயிரம் வகைகள் அமெரிக்காவில் ப்ளூமிங்டன் ஈக் கிடங்கில் இருக்கின்றன. தபாலில் வரும். வந்த உறையைப் பிரித்ததும் கிடங்கில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். சிற்றுண்ணி ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ஒரு தலைமுறை தனியாக வைத்து, கூட்டுப்புழுக்களைப் பார்த்து, அப்புறம்தான் உள்ளே. ஒருமுறை உண்ணி புகுந்துவிட்டால் அறை முழுவதும் சுத்தம் செய்து மீள ஒரு பருவமே போய்விடும்.

லேபிளைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு சொந்தக் கதை இருக்கிறது. இரண்டாம் ஆண்டு, பேச்சுச் சுவாரஸ்யத்தில் குப்பி மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குப்பி. ஒன்றில் எல்லா ஈயும் கேல்-4 வைத்திருப்பவை. மற்றதில் அதே கேல்-4, ஆனால் ஜோடியில் ஒரு குரோமோசோமில் மட்டும்; இன்னொன்று பேலன்சர் என்ற அடையாளக் குரோமோசோம். பேலன்சர் வந்த பிள்ளைக்கு இறக்கை சுருண்டிருக்கும். அதைப் பார்த்து ஒதுக்கிவிடலாம் என்பதற்காகவே வைத்த அடையாளம் அது. பேலன்சர் உள்ள ஈக்களை, அது இல்லாதவற்றின் லேபிள் ஒட்டிய குப்பியில் தட்டிவிட்டேன். ஆறு வாரம் யாரும் கவனிக்கவில்லை. நினைவாற்றல் சோதனையில் வித்தியாசம் இருக்க வேண்டிய இடத்தில் பாதிதான் வந்தது. இதற்கு ஒரு புதுக் கருத்தே தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் மீந்த ஈக்களைக் கொல்லச் சாராயப் பாட்டிலில் கொட்டப்போனபோது தட்டில் ஒரு சுருண்ட இறக்கை கண்ணில் பட்டது. பக்கத்தில் இன்னொன்று. எண்ணிப் பார்த்தால் பாதிக்குப் பாதி. ஆறு வாரமாகக் கண்ணெதிரே இருந்திருக்கிறது, ஆனால் சுருண்ட இறக்கை இருக்கத் தேவையில்லை என்று லேபிள் சொன்னதால் யாரும் இறக்கையைப் பார்க்கவில்லை. வழிகாட்டியிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எந்தத் தேதியிலிருந்து?" என்று மட்டும் கேட்டார். குப்பியில் தேதி எழுதியிருந்ததால் எந்தத் தரவைத் தூக்கிப் போட வேண்டும் என்று தெரிந்தது. அதற்கு முந்தைய தரவு தப்பித்தது.

நீங்கள் கேட்ட 'அறிவியலா, எடுபிடியா' என்பதற்கு என்னிடம் இருக்கும் நேர்மையான பதில் இந்தச் சம்பவத்துக்குள்தான் இருக்கிறது. கட்டுரையில் வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் யாரோ ஒட்டிய ஒரு லேபிள் இருக்கிறது. அந்தக் குப்பியில் இருப்பது என்ன, அதன் பிள்ளைகள் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்து ஒட்டினால் அது அறிவியல். சொன்னார்கள் என்பதற்காக ஒட்டினால் எடுபிடி. வேலை இரண்டிலும் ஒன்றுதான், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆகவே எந்தக் கலப்பைக் கொடுத்தாலும், அதிலிருந்து வரும் பிள்ளைகளைக் கட்டம் போட்டு எழுதிவிட்டுக் கையை வையுங்கள். சிலர் சிரிப்பார்கள். எழுதுங்கள்.

நடத்தைச் சோதனைகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். நான் அதிகம் செய்தது மணமும் மின் அதிர்ச்சியும் சேர்த்துக் கற்பிப்பது. 1985-இல் டல்லியும் க்வின்னும் வகுத்த முறை. சுமார் நூறு ஈக்களைச் செப்புக் கம்பி வலை பதித்த குழாயில் போட்டு, ஒரு மணத்தை ஒரு நிமிடம் ஊதும்போது 12 முறை அதிர்ச்சி. பிறகு வெறும் காற்று. பிறகு வேறொரு மணம், அதிர்ச்சி இல்லாமல். அப்புறம் இரண்டு மணமும் எதிரெதிரே வரும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, இரண்டு நிமிடம் தேர்ந்தெடுக்க விட்டு, இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை என்று எண்ண வேண்டும். இயல்பாகவே ஒரு மணம் பிடிக்காமல் இருக்கலாம் என்பதால் இன்னொரு நூறு ஈக்களுக்கு மணங்களை மாற்றிப் போட்டுச் செய்து, இரண்டின் சராசரிதான் ஒரு புள்ளி. ஆக ஒரு புள்ளிக்கு 200 ஈ. மூன்று வகை ஈக்களுக்கு எட்டு எட்டுப் புள்ளி என்றால் 4,800. எல்லாம் இருட்டறையில், ஈக்கு அவ்வளவாகத் தெரியாத சிவப்பு வெளிச்சத்தில், ஈரப்பதத்தைக் கட்டிக்காத்துக்கொண்டு. அன்று காலையில் வாசனை எண்ணெய் பூசிக்கொண்டு போகக் கூடாது என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கார்பன் டை ஆக்ஸைடில் மயக்கிய ஈயையும் அன்றே சோதிக்கக் கூடாது, ஒரு நாளாவது தெளியவிட வேண்டும்.

இந்த வகைச் சோதனையில் தோற்ற முதல் ஈ வகைக்கு 1976-இல் வைத்த பெயர் டன்ஸ், அதாவது மக்கு. பிறகு வந்தவற்றுக்கு முட்டைக்கோஸ், டர்னிப், முள்ளங்கி, ரூட்டபேகா என்று காய்கறிப் பெயர்கள். படித்துப் படித்து இந்தப் பெயர்களில் நகைச்சுவை போய்விடும். டன்ஸ் என்றால் மூளை செல்லில் ஒரு தகவல் மூலக்கூறைச் சிதைக்கும் நொதி என்று மட்டும்தான் மனதில் வரும். தூக்கத்தைப் பார்க்கும் ஆய்வகமானால் வேலை வேறு. 32 கண்ணாடிக் குழாய்கள் கொண்ட பலகையில் ஒவ்வொரு ஈயாக அடைத்து, நடுவில் ஓடும் அகச்சிவப்புக் கதிரை எத்தனை முறை கடக்கிறது என்று கணினி எண்ணும். ஐந்து நிமிடம் அசையாவிட்டால் தூக்கம் என்று கணக்கு. ஈயும் தூங்குகிறது என்பதே 2000-இல்தான் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காட்டின.

மூளையை எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். ஈயின் மூளை அகலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, கடுகில் பாதிகூட வராது. மயக்கிய ஈயைச் சாராயத்தில் முக்கியெடுத்து, குளிர்ந்த உப்புக் கரைசலில் அமிழ்த்தி, இரண்டு கையிலும் ஊசிமுனை ஃபோர்செப்ஸோடு உட்கார வேண்டும். தலையைத் தனியே எடுத்து, வாயிலிருக்கும் உறிஞ்சுகுழலைப் பிடுங்கினால் அங்கே ஒரு துளை கிடைக்கும். அதன் இரண்டு ஓரத்தையும் பிடித்து எதிரெதிராக மெல்ல இழுத்தால் தலை ஓடு பிரியும். கண்ணின் சிவப்புச் சாயம் கரைசலில் புகைபோலப் பரவும். அதற்குள் வெண்மையாக, நுங்கு மாதிரி ஒரு துண்டு. அதைச் சுற்றி வெள்ளிச் சரிகைபோல மூச்சுக்குழாய்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுக்காவிட்டால் காற்று நிறைந்திருப்பதால் மூளை மிதந்துகொண்டே இருக்கும், கழுவும்போது தண்ணீரோடு போய்விடும். நான் எடுத்த முதல் பத்தில் எட்டு கிழிந்தது, ஒன்று ஃபோர்செப்ஸில் ஒட்டிக்கொண்டு காணாமல் போனது. இரண்டு வாரத்தில் ஐந்தில் நான்கு தேறியது. ஃபோர்செப்ஸ் ஒருமுறை கீழே விழுந்தால் முனை வளைந்துவிடும். எனவே உங்களுக்கென்று ஒரு ஜோடி, அதற்கு ரப்பர் மூடி, யாருக்கும் கடன் கிடையாது. இதில் கஞ்சத்தனம் தப்பில்லை. எடுத்த மூளையைப் பார்மால்டிஹைடு கரைசலில் பதப்படுத்தி, கழுவி, எதிர்ப்பொருளில் ஓரிரு நாள் ஊறவிட்டு, மறுபடி கழுவி, ஒளிரும் சாயம் ஏற்றி, கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில் படம் எடுப்பதற்குள் கிட்டத்தட்ட ஒரு வாரம். அந்தப் பார்மால்டிஹைடை, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டுக்கு வெளியே திறக்காதீர்கள், மூத்தவர்கள் திறந்தாலும்.

கணினி வேலை நான் இருந்த காலத்திலேயே பாதி நாளைப் பிடித்துக்கொண்டது. இன்று இன்னும் கூடுதல். படங்களுக்கு ஃபிஜி, வரைபடத்துக்கும் புள்ளியியலுக்கும் ஆர் அல்லது பைதான். 2024 அக்டோபரில் வயது வந்த பெண் ஈ ஒன்றின் முழு மூளை வரைபடம் வெளிவந்தது: 1,39,255 நரம்பு செல்கள், ஐந்து கோடிக்கும் மேல் இணைப்புகள். கணினி வரைந்ததை மனிதர்கள் உட்கார்ந்து திருத்தினார்கள், ஆய்வகத்துக்கு வெளியே இருந்த ஆர்வலர்களும் அதில் உண்டு. ஃப்ளைவயர் என்ற அந்தத் தளத்தை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். இரண்டு ஈக்களைக் கலக்கும் முன்பே இந்தச் செல் யாரோடு பேசுகிறது என்று அங்கே பார்த்துவிட முடிகிறது. சேருமுன் உங்களுக்கு இரண்டு மாதம் இருந்தால் கன்னி ஈ பொறுக்குவதைப் பற்றிப் படிக்காதீர்கள், அது கையில் வரும். பைதானில் ஒரு அட்டவணையைப் படித்து வரைபடம் போடுகிற அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இனிச் சொல்வதில் ஆளைப் பொறுத்து மாறும் பகுதி நிறைய. பிஎச்.டி.க்கு உதவுமா என்றால், நேர்காணலில் உதவும் என்று தயங்காமல் சொல்வேன். டாடா ஆய்வு நிறுவனத்தின் மையங்களில் பிஎச்.டி. சேர எழுதும் ஜெஜிபில்ஸ் போன்ற தேர்வுகளின் எழுத்துப் பகுதியில் இந்த அனுபவத்துக்கு மதிப்பெண் இல்லை, அதை நீங்கள் படித்துத்தான் எழுத வேண்டும். ஆனால் உள்ளே உட்கார்ந்ததும் "நீங்கள் செய்த ஒரு சோதனையைச் சொல்லுங்கள், அதற்குக் கட்டுப்பாட்டுக் குழு எது?" என்று கேட்பார்கள். கையால் செய்தவர் தடுமாறும் விதமும், படித்தவர் தடுமாறும் விதமும் வேறு. கேட்பவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். கட்டுரையில் பெயர் வருமா என்பது மட்டும் யாராலும் உத்தரவாதம் தர முடியாதது. ஒரு கட்டுரை முடிந்து மறுபரிசீலனை தாண்டி வெளிவர வருடங்கள் ஆகலாம். நீங்கள் கிளம்பிப் போன பிறகு வரலாம். என் பெயர் முதலில் வந்த கட்டுரை, நான் அந்த வேலையைத் தொடங்கி நான்காவது ஆண்டில்தான் வந்தது.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, வெட்கப்பட்டிருப்பீர்கள். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) ஆகச் சேர்ந்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. நெட் இல்லாமல் திட்டப் பணியில் சேர்ந்தால் இதைவிடக் குறையும். நியமனக் கடிதத்தில் உள்ள எண்ணையும் வாடகைப்படி உண்டா என்பதையும் பாருங்கள். எந்தத் திட்டத்தின் பணத்திலிருந்து சம்பளம், அந்தத் திட்டம் எப்போது முடிகிறது என்று கேட்பதில் தவறே இல்லை. எனக்கு ஒருமுறை மூன்று மாதச் சம்பளம் சேர்ந்து நான்காவது மாதம் வந்தது. ஆகவே கையில் இரண்டு மாத வாடகை இல்லாமல் பெங்களூருக்குப் பெட்டி கட்டாதீர்கள்.

சேர்வதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய, என்னைக் கேட்பதைவிட அந்த ஆய்வகத்தில் கடைசியாக உதவியாளராக இருந்து போனவரைக் கேளுங்கள். யாரென்று வழிகாட்டியிடமே கேட்கலாம். சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான். அவரிடம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: வாராந்தரக் கூட்டத்தில் உதவியாளர்கள் பேசுவார்களா, உட்கார்ந்து கேட்பார்களா; கிடங்கு வேலை எல்லோருக்கும் பங்கா, உதவியாளர் தலையில் மட்டுமா; ஓர் ஆண்டு கழித்துச் சின்னதாகவாவது ஒரு கேள்வி அவருடையதாக ஆனதா. இதில் இரண்டாவது முக்கியம். எல்லோரும் ஈ மாற்றுகிற ஆய்வகத்தில் எல்லோருக்கும் கிடங்கு தெரியும். ஒருவர் தலையில் கட்டிய இடத்தில், அந்த ஒருவர் இரண்டு வருடம் கழித்தும் குப்பி மாற்றிக்கொண்டுதான் இருப்பார். நான் பார்த்திருக்கிறேன், நல்ல கெட்டிக்காரப் பெண் அவர்.

உடம்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்து வலி நிச்சயம், நாற்காலி உயரத்தைச் சரி செய்யாவிட்டால் இன்னும் சீக்கிரம். மூக்கில் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஈயின் உடல் தூசியும் ஈஸ்ட்டும் சேர்ந்து தும்மலைக் கிளப்பலாம். எங்கள் அறையில் இருவர் முகக்கவசம் போட்டுத்தான் வேலை செய்தார்கள். ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள், இதில் என் சொல்லை நம்ப வேண்டாம். உயிரைக் கொல்வதில் மனச்சங்கடம் உண்டா என்பதையும் யோசியுங்கள். தினமும் நூற்றுக்கணக்கில் சாராயப் பாட்டிலில் கொட்டுவீர்கள். எனக்குப் பழகிவிட்டது என்றுதான் சொல்ல முடியும், ஆனால் அமாவாசை அன்று ஈ கொட்டாத ஒரு மூத்தவரும் எங்களோடு இருந்தார். அவர் பங்கை மறுநாள் சேர்த்துச் செய்வார், யாரும் எதுவும் சொன்னதில்லை.

முடிவெடுக்க இரண்டு வாரம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு வாய் அகன்ற பாட்டிலில் கனிந்த வாழைப்பழத் துண்டைப் போட்டு ஜன்னல் ஓரம் வையுங்கள். நாலைந்து ஈ உள்ளே போனதும் துணி கட்டி மூடிவிடுங்கள், ஒரு சின்னக் காகிதத் துண்டையும் உள்ளே நிறுத்தி வையுங்கள், புழு ஏற வசதியாக இருக்கும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ முட்டை பொரியும், ஐந்தாறு நாளில் புழுக்கள் சுவரில் ஏறிக் கூடு கட்டும், பத்தாம் நாள் வாக்கில் புது ஈ வரும். அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். பார்க்கப் பார்க்க உங்களுக்குச் சலிப்பு வருகிறதா, இன்னொரு பாட்டில் வைக்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள். பாட்டில் மேல் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள்.